அடிமைச் சிறுவனும் ஜாபாலையின் மகனும்

பழைய கிரேக்கர்களும் பழைய இந்தியர்களும் ஒரே மாதிரி சிந்தித்தார்கள் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அதோடு விடாமல், "எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதாங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்ப்பார்கள். கைதட்டலும் விழும். ஆனால் வரலாறு எழுத உட்கார்ந்தால் கைதட்டலை நம்பி எழுத முடியாது.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஞானி பைத்தாகரஸ் மறுபிறவியை நம்பினார். ஒருவன் நாய்க்குட்டியை அடிப்பதைப் பார்த்து, அடிக்காதே, செத்துப்போன என் நண்பனின் ஆன்மா அதில் இருக்கிறது, குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன் என்றாராம். அவர் காலத்துக் கவிஞர் ஒருவர் கேலியாக எழுதி வைத்த கதை இது. நம் உபநிடதங்களும் மறுபிறவி பேசுகின்றன. ஆனாலும் பைத்தாகரஸ் இந்தியாவுக்கு வந்து படித்தார் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. ஒரே எண்ணம் இரண்டு மண்ணில் தனித்தனியே முளைக்கக் கூடாதா என்ன?

யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஆன்மா அழியாதது, எல்லா உடலிலும் இருப்பது என்றால், எஜமானுக்கு ஒரு ஆன்மா, வேலைக்காரனுக்கு ஒரு ஆன்மா என்று இருக்க முடியுமா? படிப்பு ஒருத்தனுக்கு உண்டு, இன்னொருத்தனுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்வி இரண்டு நாட்டு நூல்களிலும் ஒரு பையன் உருவத்தில் வந்து நிற்கிறது.

முதலில் கிரேக்கப் பையன். ஏதென்ஸ் நகரத்தில் கி.மு. 399இல் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்ட சாக்ரடீசைப் பற்றி அவர் மாணவர் பிளேட்டோ எழுதிய நூல்களில் ஒன்று 'மெனோ'. மெனோ என்ற பணக்கார வாலிபன் பரிவாரத்தோடு வந்திருக்கிறான். மனிதன் புதிதாக எதையும் கற்பதில்லை, ஆன்மா முன்பே அறிந்ததைத்தான் நினைவுக்குக் கொண்டுவருகிறது என்கிறார் சாக்ரடீஸ். மெனோ நம்பவில்லை. உன் ஆட்களில் ஒருவனைக் கூப்பிடு என்கிறார். வந்தவன் மெனோவின் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த அடிமைப் பையன். கணக்குப் படிக்காதவன்.

ஒரு சதுரம். பக்கம் 2 அடி, பரப்பு 4 சதுர அடி. இதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 8 சதுர அடி வேண்டும், பக்கம் எவ்வளவு? பையன் சட்டென்று 4 அடி என்கிறான். அது 16 ஆகிவிடுகிறது. அப்படியானால் 3 அடி என்கிறான். அது 9. பையன் திகைத்து நின்றுவிடுகிறான். சாக்ரடீஸ் அவனைத் திட்டவில்லை. தெரியாது என்று தெரிந்துகொண்டானே, அதுவே முன்னேற்றம்தான் என்று மெனோவிடம் சொல்கிறார். மேலும் மேலும் கேட்கிறார். கடைசியில் சதுரத்தின் மூலைவிட்டத்தைப் பக்கமாக வைத்தால் சரியாக 8 வரும் என்பதைப் பையனே கண்டுகொள்கிறான். (மாணவமணிகள் வீட்டில் வரைந்து பார்க்கலாம்.)

இனி நம் பையன். சாந்தோக்கிய உபநிடதத்தில் வருகிற சத்தியகாமன். குருவிடம் போக ஆசைப்பட்டு, நான் என்ன கோத்திரம் என்று தாயிடம் கேட்கிறான். தாய் ஜாபாலை மறைக்கவில்லை. இளமையில் பல இடங்களில் ஊழியம் செய்து திரிந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயரைச் சேர்த்துச் சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்கிறாள். ஊழியம் செய்து பிள்ளை வளர்த்த ஒரு தாய்க்கு இதைச் சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்! பையனும் கௌதம ரிஷியிடம் போய் அப்படியே ஒப்பிக்கிறான். உண்மை பேசினாய், விறகு கொண்டு வா, உபநயனம் செய்கிறேன் என்கிறார் ரிஷி. பிறகு மெலிந்த மாடுகள் 400ஐ ஒப்படைக்கிறார். ஆயிரம் ஆகாமல் திரும்பமாட்டேன் என்று மாடு மேய்க்கப் போகிறான். மேய்ச்சல் நிலத்தில் ஒரு காளையும், நெருப்பும், அன்னமும், ஒரு நீர்ப்பறவையும் அவனுக்குப் பிரம்மத்தைப் போதிக்கின்றன.

கிரேக்கத்தில் கேள்வி கேட்டுக் கேட்டே பாடம் நடந்தது. இங்கே மாடு மேய்த்த கையோடு பாடம் வந்தது. எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கணக்குப் போட்ட அந்தப் பையனின் பெயரைப் பிளேட்டோ எழுதவே இல்லை. அவனை விடுதலை செய் என்று யாரும் மெனோவிடம் சொல்லவும் இல்லை. பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டிலோ, சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று எழுதிவிட்டார். நம் பக்கம் மட்டும் சுத்தமா? பிராமணன் அல்லாதவன் இப்படி உண்மை பேசமாட்டான் என்று கௌதமர் சொல்வதாக உபநிடதத்திலேயே இருக்கிறது. பின்னால் வந்த சங்கரர், சூத்திரனுக்கு வேதம் படிக்க உரிமை இல்லை என்று வாதிடும்போது இந்தக் கதையையே சான்றாகக் காட்டினார். ஆன்மாவில் பேதம் இல்லை என்று சொன்ன இரண்டு நாட்டிலும் கதவு மட்டும் சிலருக்குச் சாத்தியே இருந்தது.

இரண்டு மரபும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதாகவும் ஒரு நூல் உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர். அவனுடைய காசுகளில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறு பக்கம் கரோஷ்டி எழுத்து. பாலி மொழியில் அவன் பெயர் மிலிந்தன். நம் சங்கப் பாடல்களில் யவனர் என்கிறோமே, அந்தச் சொல்தான் பாலியில் யோனகர். அப்படி 500 யோனகர் சூழ வந்த மிலிந்தன், நாகசேனர் என்ற பௌத்த பிக்குவோடு வாதம் செய்வதைச் சொல்லும் நூல் 'மிலிந்த பஞ்ஹா'.

வாதத்துக்கு முன்னால் நாகசேனர் ஒரு நிபந்தனை போடுகிறார். அறிஞர்கள் பேசுவதுபோலப் பேசினால் பேசலாம். ராஜாக்கள் பேசுவதுபோல என்றால் முடியாது. அறிஞர்கள் தோற்றாலும் கோபப்படமாட்டார்கள். ராஜா மறுத்துப் பேசினவனைத் தண்டிப்பார். அரசன் ஒப்புக்கொள்கிறான். அதற்கப்புறம்தான் தத்துவம் சூடு பிடிக்கிறது. அரசே, எதில் வந்தீர்? தேரில். அச்சு தேரா? இல்லை. சக்கரம் தேரா? இல்லை. நுகத்தடி? அதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்ததற்குத் தேர் என்று பெயர். அப்படித்தான் நாகசேனன் என்பதும் வெறும் பெயர், உள்ளே நிலையான ஆன்மா என்று தனியாக ஒன்று இல்லை என்கிறார் பிக்கு. பிளேட்டோவும் கட உபநிடதமும் ஆன்மாவை விளக்கக் காட்டிய அதே தேரைக்கொண்டே ஆன்மா இல்லை என்று சொல்லிவிட்டார்! அரசன் கோபப்படவில்லை, பாராட்டினான் என்கிறது நூல்.

இந்த உரையாடலை இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகள் காப்பாற்றி வைத்தார்கள். கிரேக்க மொழியில் புளூட்டார்க் என்பவர் மெனாண்டரைப் பற்றி வேறொரு செய்தி எழுதியிருக்கிறார். அவன் நல்லாட்சி செய்தவனாம். இறந்தபோது அவன் சாம்பலுக்கு நகரங்கள் போட்டியிட்டு, கடைசியில் சமமாகப் பங்கிட்டு, ஆளுக்கொரு நினைவிடம் கட்டினார்களாம்.