தனியாள் பொறுப்பு (யூத, கிறிஸ்தவச் சிந்தனை)

கடவுள் முன் அவரவர் செயலுக்கு அவரவரே கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் கருத்து. அப்பன் புளித்த திராட்சை தின்ன, பிள்ளைக்குப் பல் கூசியது என்னும் இஸ்ரவேலர் பழமொழியை எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரம் மறுக்கிறது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் முன்னோர்மேல் பழிபோட்டுக்கொண்டிருந்த காலம் அது.

யூத மரபு இதில் கறார். பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரின் நோன்பு கடவுளுக்கு எதிரான குற்றத்தைத்தான் தீர்க்கும். பக்கத்து வீட்டாருக்குச் செய்ததை அவரிடமே போய்ச் சரிசெய்தாக வேண்டும் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. வேடிக்கை என்னவென்றால், அந்த நோன்பு நாளின் பாவ அறிக்கை ‘நாங்கள்’ என்றே பன்மையில் ஓதப்படுகிறது. கிறிஸ்தவத்தில், ஆதாமின் பாவம் எல்லா மனிதரையும் பற்றியிருக்கிறது என்னும் கருத்து குறுக்கே வந்து சிக்கலைக் கூட்டியது. மனித முயற்சியை வலியுறுத்திய பெலாகியுசின் போதனையை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது.

தமிழில் தனியாள் பொறுப்புக்கு உருவம் தந்தது எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894). ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் உருவகக் கதையைத் தழுவிய இக்காப்பியத்தில் ஒருவன் பாவச் சுமையோடு தன்னந்தனியே கிளம்புகிறான்.

கிறிஸ்தவர்களின் நியாயத்தீர்ப்பும் இந்துக்களின் வினைப்பயனும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட ஊர், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே உள்ள பழவேற்காடு. 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே டச்சுப் போதகராயிருந்த ஆபிரகாம் ரோஜரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்தவற்றை டச்சு மொழியில் எழுதிவைத்தார். அவர் இறந்தபின், 1651இல், அது அச்சேறியது.