பனிமலையில் இரவைக் கடக்க: நான்கு பருவக் கூடாரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இமயமலையில் பனிக்கால மலையேற்றம் இன்று ராணுவத்தினருக்கும் தேர்ந்த மலையேறிகளுக்கும் மட்டுமே உரியதாக இல்லை. உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா சிகரம், லடாக்கில் உறைந்த ஜன்ஸ்கார் ஆற்றின் மீது நடந்து செல்லும் சாதர் பாதை ஆகியவற்றுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் செல்கின்றனர். அவர்களில் பலர் பனிப்பொழிவை முதன்முறையாகக் காண்பதே அந்தப் பயணத்தில்தான். மருத்துவமனையோ சாலையோ அருகில் இல்லாத அவ்விடங்களில், நள்ளிரவில் வீசும் பனிக்காற்றுக்கும் மனிதருக்கும் இடையே நிற்பது கூடாரத்தின் மெல்லிய துணி மட்டுமே. எனவே அதைத் தேர்ந்தெடுப்பது உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த முடிவாகும்.

பெயரும் பொருளும்

வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்ற மேலைநாட்டுப் பகுப்பிலிருந்து பிறந்தது 'நான்கு பருவக் கூடாரம்' என்னும் பெயர். குளிர்காலம் நீங்கலான காலங்களுக்கு உரியது மூன்று பருவக் கூடாரம். பனிப்பொழிவையும் கடுங்காற்றையும் தாங்கக் கூடியது நான்கு பருவக் கூடாரம். இந்தியாவின் பருவமழைக்கு இந்தப் பகுப்பில் இடமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன், ஜூலை மாதங்களில் தங்குவோருக்கு நல்ல மழைத் தடுப்பும் தாராளமான காற்றோட்டமும் உள்ள மூன்று பருவக் கூடாரமே ஏற்றது. பனிக்கூடாரம் அங்கே புழுக்கத்தையும் வீண் சுமையையும் தரும்.

அதேவேளை, மலையின் உயரம் பருவத்தை மாற்றிவிடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். 2024 ஜூன் தொடக்கத்தில், சமவெளியில் கோடை வெயில் கொளுத்திய நாட்களில், உத்தராகண்டின் சஹஸ்திர தால் பகுதிக்குச் சென்ற கர்நாடகக் குழுவினர் பனிப்புயலில் சிக்கியதில் 9 பேர் உயிரிழந்தனர். 4,000 மீட்டருக்கு மேல் இரவு தங்குவோர் நாட்காட்டியை மட்டும் நம்பிக் கருவிகளைத் தேர்ந்தெடுக்க இயலாது.

வெப்பம் தருவது கூடாரம் அன்று

நான்கு பருவக் கூடாரம் உள்ளே இருப்போரைச் சூடாக வைத்திருக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். காற்றைத் தடுப்பதால் உள்ளே சில டிகிரி வெப்பம் கூடலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. உடல் வெப்பத்தைக் காப்பவை ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப்பையும், தரைக் குளிர் ஏறாமல் தடுக்கும் படுக்கை விரிப்புமே ஆகும். கூடாரத்தின் பணி காற்றைத் தடுப்பது, பனிச் சுமையைத் தாங்குவது, உள்ளிருப்பவை நனையாமல் காப்பது ஆகிய மூன்றுதான்.

வெப்பமூட்டும் கூடாரங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக், ராணுவ வீரர் 10 பேர் தங்கக்கூடிய, சூரிய வெப்பத்தால் இயங்கும் கூடாரத்தை 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரவில் வெளியே மைனஸ் 14 டிகிரி செல்சியஸ் நிலவியபோது உள்ளே 15 டிகிரி இருந்ததாக அவர் தெரிவித்தார். முதுகில் சுமந்து செல்லும் மலையேற்றக் கூடாரத்தில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இராது.

காற்றும் பனியும்: ஓர் எளிய கணக்கு

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, கடல்மட்ட அளவில், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 48 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதால் இந்த விசையும் குறையும். எனினும் திறந்த மலைமுகடுகளில் காற்றின் வேகம் கூடுவதால் ஆபத்து நீங்குவதில்லை.

பனியின் எடையைப் பலர் உணர்வதில்லை. கூடாரக் கூரையின் பரப்பு 4 சதுர மீட்டர் எனக் கொள்வோம். அதன் மீது 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் புதிய பனி தங்கினால், கன மீட்டருக்கு 100 கிலோ என்ற கணக்கில், மொத்தச் சுமை 120 கிலோ. ஈரம் ஏறிய பனியாக இருப்பின் அது மும்மடங்காகலாம். ஆகவே பனி தங்காமல் சரிந்து விழும் செங்குத்தான பக்கங்கள் கொண்ட கூடாரமே சிறந்தது. எவ்வளவு உறுதியான கூடாரமாயினும், பனி பொழியும் இரவில் அவ்வப்போது எழுந்து உள்ளிருந்து துணியைத் தட்டிப் பனியை உதிர்ப்பது அவசியம்.

கம்புகளும் வடிவமும்

கூடாரத்தின் முதுகெலும்பு அதன் கம்புகளே. மலிவான கூடாரங்களில் உள்ள கண்ணாடியிழைக் கம்புகள் கடுங்குளிரில் பிளந்து முறியக்கூடும். முறிந்த முனை துணியையும் கிழித்துவிடும். பனிப் பகுதிக்கு 7000 வரிசை எனப்படும் உயர்தர அலுமினியக் கலவைக் கம்புகள் ஏற்றவை. அவற்றின் விட்டம் 9 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நன்று.

கம்புகள் ஒன்றையொன்று எத்தனை இடங்களில் குறுக்கிடுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இரு கம்புகள் உச்சியில் மட்டும் குறுக்கிடும் எளிய குவிமாடக் கூடாரம் பக்கக் காற்றில் மடங்கிவிடும். நான்கு அல்லது ஐந்து கம்புகள் பல இடங்களில் குறுக்கிட்டு முக்கோணங்களாகப் பிரியும் ஜியோடெசிக் வடிவம், எத்திசைக் காற்றையும் பனிச் சுமையையும் பகிர்ந்து தாங்கும். முளை அடிக்காமலேயே தானாக நிற்பதால் பாறையிலும் பனிக்கட்டியிலும் அது பயன்படும். சுரங்க வடிவக் கூடாரம் எடை குறைவானது, இடவசதி மிகுந்தது. ஆனால் முளைகள் உறுதியாக இறங்கினால்தான் அது நிற்கும். குறுகிய முனை காற்றை நோக்கி இருக்குமாறும் அதை அமைக்க வேண்டும்.

துணியும் பூச்சும்

நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். பனிக்கூடாரத்தின் வெளிக்கூரைக்கு 30 முதல் 70 டெனியர் வரையிலான துணி பொதுவாகப் பயன்படுகிறது. நைலான் உறுதி மிக்கது, ஆனால் நனைந்தால் தளரும்; பாலியஸ்டர் அவ்வளவாகத் தளராது, மலைவெயிலின் புற ஊதாக் கதிர்களையும் நன்கு தாங்கும்.

நீர்புகாத் தன்மை மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதே அதன் பொருள். மண்டியிடும் முழங்காலின் அழுத்தம் தரைத்துணியில் விழுவதால், கூரையைக் காட்டிலும் தரைக்குக் கூடுதல் அளவு தேவை. கூரைக்கு 1,500 முதல் 3,000, தரைக்கு 5,000 மில்லிமீட்டர் என்பது போதுமான அளவாகும்.

இந்திய வாங்குவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று பூச்சின் ஆயுள். பாலியூரிதேன் பூச்சு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர நகரங்களில் ஆண்டுக்கணக்கில் மடித்து வைக்கப்பட்டால் பிசுபிசுப்பாகி உரிந்துவிடும். சிலிக்கான் பூச்சு அவ்வாறு கெடுவதில்லை, துணியின் கிழிபடாத் தன்மையையும் கூட்டும், விலையும் அதிகம். எந்தப் பூச்சாயினும், நன்கு உலர்த்திய பின்னரே கூடாரத்தை மடித்து வைக்க வேண்டும்.

காற்றோட்டம்: மறக்கக் கூடாத வாசல்

உறங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் ஓர் இரவில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட நீரை ஆவியாக வெளியேற்றும். அது வெளியேற வழியின்றேல் துணியில் உறைந்து, காலையில் உருகி உறக்கப்பையை நனைக்கும். நனைந்த இறகு உறக்கப்பை வெப்பம் காக்காது. ஆகவே கீழே ஒன்றும் உச்சியில் ஒன்றுமாகக் குறைந்தது இரு காற்று வழிகளும், உட்கூடாரம், வெளிக்கூரை என இரட்டைச் சுவர் அமைப்பும் விரும்பத்தக்கவை.

இதைவிடப் பெரிய அபாயம் கார்பன் மோனாக்சைடு. மூடிய கூடாரத்தினுள் அடுப்போ கரியோ எரித்தால் நிறமும் மணமும் அற்ற இந்த நச்சுவாயு சேரும். தலைவலி, குமட்டல், சோர்வு என அதன் அறிகுறிகள் உயர்மலை நோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், பாதிக்கப்பட்டோர் காரணத்தை அறியாமலேயே மயங்கிவிட நேரும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தமன் பகுதியில், எரிவாயு சூடேற்றி வைத்திருந்த மூடிய விடுதி அறையில் கேரளத்தைச் சேர்ந்த 8 பேர் உயிரிழந்தனர். துணிக்கூடாரத்தில் இடம் இன்னும் குறுகியது. சமையலைத் திறந்த வெளியிலோ, நன்கு திறந்து வைத்த முன்கூடத்திலோ மட்டுமே செய்ய வேண்டும். லடாக்கின் சாங்தாங் சமவெளியில் வாழும் சாங்பா மேய்ப்பர்கள், யாக் எருமையின் மயிரால் நெய்த தங்கள் ரெபோ கூடாரத்தின் உச்சியில், கடுங்குளிரிலும், புகை வெளியேறத் திறப்பு விட்டிருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

முளைகளும் இழுகயிறுகளும்

மண்ணில் அடிக்கும் சாதாரண முளை, தளர்ந்த பனியில் நில்லாது. அகலமான பனி முளைகள் தேவை. இல்லையெனில், துணிப்பையில் பனியை நிரப்பி, கயிறு கட்டிக் குழியில் புதைத்து மிதித்து இறுக்கினால், சிறிது நேரத்தில் அது உறைந்து உறுதியான பிடிமானம் தரும். கூடாரத்துடன் வரும் இழுகயிறுகள் அனைத்தையும் கட்ட வேண்டும். புயல் தொடங்கிய பின் கட்டிக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

வாங்கும் முன்னும் வாடகைக்கு எடுக்கும் முன்னும்

இருவர் தங்கும் நான்கு பருவக் கூடாரம் பொதுவாக 3 முதல் 4.5 கிலோ எடை இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பனிமலைக்குச் செல்வோருக்கு வாடகையே சிக்கனமானது. அப்போது கம்புகளில் விரிசல், தையல்களில் ஒட்டிய பட்டை உரிதல், ஜிப் சிக்குதல், பூச்சு பிசுபிசுத்தல் ஆகியவற்றைச் சோதித்துப் பெறுவது நன்று. தடித்த கையுறை அணிந்தபடி வீட்டு மாடியில் ஒருமுறை அமைத்துப் பார்த்தால், மலையில் விரல் மரத்த நிலையில் தடுமாற நேராது. பயண நிறுவனம் கூடாரம் தருவதாயின், அதன் வடிவத்தையும் கம்பின் வகையையும் முன்கூட்டியே கேட்டறியப் பயணிக்கு முழு உரிமை உண்டு.

இடத்தேர்வும் கூடாரத் தேர்வுக்கு இணையானது. பனிச்சரிவைத் தாங்கும் கூடாரம் எதுவும் இல்லை. செங்குத்தான பனிச்சரிவின் அடியிலும் ஓடை வழியிலும் கூடாரம் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கைகளைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்வது அவசியம். உத்தராகண்டின் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அம்மாநில உயர் நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. எனவே செல்லும் இடத்தில் கூடாரம் அமைக்க அனுமதி உள்ளதா என்பதை வனத்துறையிடம் உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.