டர்போ எஞ்சினின் பின்னல் எண்ணெய்க் குழாய்

எஞ்சினிலிருந்து டர்போசார்ஜருக்கு எண்ணெய் கொண்டு போவதற்காக, அந்தந்தக் காரின் அமைப்புக்கேற்ற நீளத்தில் வெட்டி, இரு முனைகளிலும் ஃபிட்டிங் பூட்டிச் செய்துகொள்ளும் ஹோஸே பின்னல் எண்ணெய்க் குழாய். உள்ளே டெஃப்லான் அல்லது செயற்கை ரப்பர் குழல் இருக்கும். அதன்மேல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் நெருக்கமாகப் பின்னிய உறை இருக்கும். அமெரிக்க விமானத் தொழிலிலிருந்து பந்தயக் கார்களுக்கும், பின்னர் தெருக் கார்களுக்கும் வந்த பொருள் இது. இதன் அளவுகளை ‘ஏஎன்’ எண்களால் சொல்வதும் அந்தப் பிறப்பின் அடையாளமே. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த தரநிலையின் பெயர் அது. எண் ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 4ஆம் எண் கால் அங்குலக் குழாய்க்கும், 10ஆம் எண் ஐந்தெட்டாம் அங்குலக் குழாய்க்கும் உரியவை.

பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது எஃகுப் பின்னல்தான். விற்பவர்கள் எடுத்துச் சொல்வதும் அதன் பலத்தைத்தான். ஆனால் இந்தக் குழாயில் பலம் ஒரு பிரச்சினையே அல்ல. 4ஆம் எண் டெஃப்லான் ஹோஸ் பெரும்பாலும் 2,000 பிஎஸ்ஐக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்படுகிறது. கார் எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குளிர்ந்த நிலையில்கூட 100 பிஎஸ்ஐயைத் தாண்டுவது அரிது. அழுத்தம் தாங்காமல் இந்த ஹோஸ் வெடிப்பதைவிட, உள்ளே கிடந்த துகளாலும், பொருந்தாத மரையாலும், எண்ணெய் திரும்பிப் போக வழி குறுகிப்போனதாலும் டர்போக்கள் கெடுவதுதான் அதிகம். எனவே இதை ஒரு குழாய் வேலையாக எண்ணாமல், டர்போவின் பேரிங்கில் ஒரு பகுதியாக எண்ணிச் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

காரணம் பேரிங்கின் இயல்பிலேயே இருக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். சிறிய டர்போக்களில் 2,00,000க்கும் மேல் போகும். வழக்கமான புஷ் வகைப் பேரிங்கில் அந்தத் தண்டு உலோகத்தைத் தொடுவதில்லை. மயிரிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் சில நொடிகள் அற்றுப்போனாலும் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். தண்டின் ஒரு முனையில் இருக்கும் டர்பைனைச் சுற்றி ஓடும் புகையின் வெப்பம் பெட்ரோல் எஞ்சினில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும் என்பதால், எண்ணெய்க்கு உயவோடு வெப்பத்தை ஏந்திச் செல்லும் வேலையும் சேர்கிறது. வெந்த எண்ணெய் குழாயிலேயே தேங்கினால் கரியாகப் படியும். படிந்த கரி வழியை அடைக்கும்.

இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று, பெஜோ, சிட்ரோயன், ஃபோர்டு உள்ளிட்ட பல கார்களில் இடம்பெற்ற 1.6 லிட்டர் டிவி6 டீசல் எஞ்சின். இன்ஜெக்டரின் அடியிலுள்ள வாஷர் கசிந்தால் எரிந்த வாயு உள்ளே இறங்கி எண்ணெயைக் கரிபிடிக்கச் செய்யும். அந்தக் கரி டர்போவுக்குப் போகும் குழாயை அடைக்கும். டர்போவை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய குழாயையே திரும்பப் பூட்டியவர்களுக்குப் புது டர்போவும் விரைவில் போனது. அதனால்தான் இந்த எஞ்சினுக்கு டர்போ மாற்றும்போது எண்ணெய்க் குழாயையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது பணிமனைகளின் எழுதாத சட்டமாயிற்று. வெளியில் ஒரு கசிவும் காட்டாத, முறியாத, பலமான எஃகுக் குழாய்தான் இங்கே பேரிங்கைக் கொன்றது.

அப்படியானால் கம்பெனி தரும் எஃகுக் குழாயே போதாதா என்ற கேள்வி நியாயமானது. டர்போ தன் பழைய இடத்திலேயே இருந்தால் போதும் என்பதுதான் நேர்மையான பதில். எஃகுக் குழாய் வெப்பத்துக்கு அஞ்சாது, வயதாகி இறுகாது. தாங்கிகளோடு சரியாகப் பூட்டினால் பல்லாண்டு உழைக்கும். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டுப் பின்னல் ஹோஸ் போடுவது வீண். டர்போவே இல்லாத எஞ்சினுக்கு டர்போ ஏற்றும்போதுதான் இதன் தேவை வருகிறது. 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் எஞ்சினில் எண்ணெய் அழுத்த சென்சார் இருப்பது காற்று நுழையும் பக்கம். டர்போ உட்காருவது புகை வெளியேறும் பக்கம். சென்சார் துளையில் டி வடிவ இணைப்பைப் பூட்டி, எஞ்சினைச் சுற்றி மறுபக்கத்துக்குக் குழாய் கொண்டு போக வேண்டும். அதிரும் எஞ்சினைச் சுற்றி வளைந்து போக ஹோஸே ஏற்றது.

பலரும் சறுக்குவது அந்தச் சென்சார் துளையில்தான். ஜப்பானிய எஞ்சின்களில் அது எட்டில் ஒரு பங்கு அங்குல பிரிட்டிஷ் கூம்பு மரை: அங்குலத்துக்கு 28 புரிகள், 55 டிகிரிக் கோணம். அமெரிக்க ஃபிட்டிங்கின் மரையிலோ அங்குலத்துக்கு 27 புரிகள், 60 டிகிரி. முதல் இரண்டு மூன்று சுற்றுகள் இரண்டும் சுமுகமாகவே ஏறும். கை வித்தியாசத்தை உணராது. பிறகு இறுகும், இறுகியதைச் சரியாகப் பொருந்தியது என்று நினைத்து மேலும் முறுக்கினால் பித்தளை விரிசல் விடும், அல்லது சூடேறியதும் கசியும். டர்போவின் பக்கத்தில் கசிவு என்பது தரையில் கறை படிவதோடு நிற்காது. 200 டிகிரிக்குச் சற்று மேலே தீப்பற்றும் ஆவியை விடும் எண்ணெய், செந்தணலாய் நிற்கும் டர்பைன் உறைமேல் சொட்டினால் கார் எரியும்.

ஹோஸைத் தேர்ந்தெடுப்பதிலும் பின்னல் ஏமாற்றும். ரப்பர் ஹோஸுக்கும் டெஃப்லான் ஹோஸுக்கும் மேலுறை ஒன்றுதான். விலையில் ரப்பர் மலிவு. ஆனால் ரப்பர் பொதுவாக 150 டிகிரி அளவில் தளர்ந்து, காலப்போக்கில் இறுகி வெடிக்கும். டெஃப்லான் ஏறத்தாழ 260 டிகிரி வரை தாங்கும், எண்ணெயால் ஊறாது. வெறும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். பின்னல் போட்ட ஹோஸில் அந்த வெடிப்பைப் பின்னலே மறைத்துவிடும். டர்போவின் அருகே டெஃப்லானைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க முடியாது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: இறுக்கி வளைத்தால் மடிந்து நெரியும், நெரிந்த இடம் பழைய நிலைக்கு வராது. வளைவு தேவைப்படும் இடத்தில் 45 அல்லது 90 டிகிரி ஃபிட்டிங் போடுவதே முறை.

வெட்ட வேண்டிய இடத்தில் ஹோஸைச் சுற்றி டேப்பை இறுக ஒட்டி, அதன் நடுவே மெல்லிய வெட்டுச் சக்கரத்தால் நேராக வெட்ட வேண்டும். டேப் இல்லாவிட்டால் கம்பிகள் துடைப்பம்போல் விரிந்துவிடும். ஃபிட்டிங்கின் நட்டை முதலில் ஹோஸில் கோத்துக்கொண்டு, பின்னலை மட்டும் மெல்ல விரித்து, பித்தளை வளையத்தைப் பின்னலுக்கும் டெஃப்லான் குழலுக்கும் இடையே நுழைத்து, குழலின் முனை வளையத்தின் உள் விளிம்பில் முட்டும்வரை தள்ள வேண்டும். ஒரே ஒரு கம்பி இழை வளையத்துக்குள் புகுந்தாலும் கசியும். பிறகு எண்ணெய் தடவிய ஃபிட்டிங் முனையைக் குழலுக்குள் செலுத்தி, நட்டை முறுக்க வேண்டும். ரப்பர் ஹோஸுக்கான ஃபிட்டிங்கில் இந்த வளையம் கிடையாது. ஒன்றை மற்றொன்றில் போட்டால் பிடிக்காது. இயந்திரத்தால் நெரித்துப் பூட்டும் ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்காரர் வேலை இதைவிட உறுதியானது என்பார்கள். அது உண்மைதான், சரியான நீளம் முன்பே தெரிந்திருந்தால் அங்கே கொடுப்பதே நல்லது.

வெட்டி முடித்ததும் குழலுக்குள் சக்கரத் தூளும் எஃகு இழைத் துணுக்குகளும் கிடக்கும். ஃபிட்டிங் பூட்டும் முன்பே கரைப்பான் ஊற்றி, காற்றடித்து, மறுமுனையில் வெள்ளைத் துணியைப் பிடித்து, துணியில் அழுக்குப் படியாத நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். மரைக்கு வெள்ளை டேப் சுற்றும் பழக்கத்தை இங்கே விட்டொழிக்க வேண்டும். ஏஎன் ஃபிட்டிங்கின் 37 டிகிரிக் கூம்பு இணைப்புக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. கூம்பு மரைக்குத் திரவ சீலன்ட் போதும். டேப்பின் நூலிழை அளவுத் துண்டு போதும், டர்போவின் எண்ணெய் வாயில் ஓட்டத்தைக் குறைக்க வைக்கும் 1 மில்லிமீட்டர் துளையை அடைக்க.

அந்தத் துளையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது: எண்ணெய் கூடுதலாகப் போனால் டர்போவுக்கு நல்லதுதானே? பால் பேரிங் டர்போவுக்கு மிகக் கொஞ்சம் எண்ணெயே போதும். கேரட் நிறுவனம் அதற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்டிரிக்டரைப் பரிந்துரைக்கிறது. புஷ் பேரிங்குக்குப் பொதுவாக அது வேண்டியதில்லை. மிகுதியான எண்ணெய் தண்டு முனைகளில் உள்ள சீல்களைத் தாண்டிப் புகையாக வெளியேறும். அவை எண்ணெயைத் தேக்கி நிறுத்துவதற்கான சீல்கள் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற வளையங்கள். நீல நிறப் புகையைப் பார்த்து டர்போவைக் குறை சொல்லுமுன், எண்ணெய் திரும்பும் குழாயைப் பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தத்தோடு வரும் எண்ணெய், வெளியேறும்போது நுரைத்து, தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. அதனால் 10ஆம் எண் அளவாவது வேண்டும். செங்குத்துக்கு நெருக்கமாக, நடுவில் தொங்கல் இல்லாமல் இறங்கி, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். எம்எக்ஸ்-5இல் இதற்குச் சம்ப்பைத் துளையிட வேண்டியிருக்கும். எஞ்சினைத் தூக்காமல் சம்ப் கழலாது என்பதால், துளைக்கருவியில் கிரீஸ் பூசி, சிதறும் சீவல்களை அதில் ஒட்டவைத்துச் சமாளிப்பவர்கள் பலர். சிரமமானாலும் சம்ப்பைக் கழற்றிச் செய்வதே சரி.

பூட்டிய பிறகு எஃகுப் பின்னல் எதையும் உரசாதபடி ரப்பர் வைத்த கிளிப்புகளால் நிறுத்த வேண்டும். அதிரும் பின்னல் அரம்போல அலுமினியத்தையும் ஒயரின் உறையையும் அராவும். ஆல்டர்னேட்டரின் மின்முனையைத் தொட்டால் மின்சாரமும் கடத்தும். முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது டர்போவின் எண்ணெய் வாயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, எரிபொருளைத் துண்டித்து, திரும்பும் குழாயில் எண்ணெய் வரும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றுங்கள். பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் டார்ச்சும் தீயணைப்பானும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கட்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஆறிய பின் அதே இணைப்புகளை இன்னொரு முறை துணியால் துடைத்துப் பாருங்கள்.