தேர்முட்டியிலிருந்து வரவேற்பறைக்கு: தம்மம்பட்டி மரச்சிற்பம்

சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில், சுவேத நதிக்கரையில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே உள்ள ஊர் தம்மம்பட்டி. ஆளுயர விநாயகர், தசாவதாரப் பலகை, யாளி தாங்கிய தூண், கஜலட்சுமி பொறித்த நிலைவாசல் என்று நட்சத்திர விடுதிகளும் வசதியான வீடுகளும் விரும்பி வாங்கும் மரவேலைகள் இவ்வூர்ப் பட்டறைகளில் உருவாகின்றன.

இந்தக் கலையின் வேர் கோயிலில் இருக்கிறது. தேரின் அடுக்குப் பொம்மைகள், உற்சவ வாகனங்கள், கதவுகள் ஆகியவையே மரச்சிற்பிகளின் பழைய வேலை. ஆனால் ஒரு தேர் செய்து முடித்தால் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஓடும். இடையில் பழுதுபார்ப்பதைத் தவிர வேறு வேலை வராது. அதை மட்டும் நம்பி ஒரு தெருவே பிழைக்க முடியாது. வீட்டுக்கான சிற்பம் தொழிலின் பெரும்பகுதியாக வளர்ந்ததற்கு ரசனை மாற்றத்தைவிட இந்தக் கணக்கே வலுவான காரணம்.

மரமும் அதற்கேற்ப மாறியது. தேருக்கு வெயிலையும் மழையையும் தாங்கும் இலுப்பையும் தேக்கும் வேண்டும். வீட்டுக்குள் நிற்கும் சிலைக்கு வாகையும் தூங்குமூஞ்சியும் போதும். தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் சாலையோரங்களில் நிழல் தரும் மரம். அதன் அடிமரம் நன்றாகப் பருக்கும் என்பதால் அகலமான உருவங்களை ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் செதுக்கலாம். ஈரம் சரியாகக் காயாவிட்டால் மட்டும் பிளவு விட்டுவிடும்.

கட்டையில் முதலில் உருவத்தை வரைந்து, வாய்ச்சியால் வெட்டிக் கழித்து, பிறகு உளியும் கொட்டாப்புளியும் கொண்டு நுணுக்கம் சேர்த்து, கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். அளவுக்கு அடிப்படை தாளமானம் என்னும் சிற்ப அளவு முறை. அதன் ஒரு வகையான உத்தம தசதாளத்தில் உருவத்தின் முழு உயரம் 124 அங்குலம். இது அளவுநாடாவின் அங்குலம் அன்று. உருவத்தின் உயரத்தைப் பகுத்துப் பெறும் பங்கு. ஆகவே இரண்டடிச் சிலையும் ஆறடிச் சிலையும் ஒரே விகிதத்தில் வரும். அலங்கார வடிவமைப்பாளர் சுவர் மாடத்தின் உயரத்துக்குச் சாமியை நீட்டச் சொன்னால் அது ஆகாது. பீடத்தையோ திருவாசியையோ உயர்த்தித்தான் இடத்தை நிரப்ப வேண்டும்.

1973இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், பூம்புகார் விற்பனை நிலையங்கள் வழியே கைவினைப் பொருள்களை நகரத்து வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்த்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பழம்பொருள் மோகமும் வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் அங்கே போட்டிருந்த முதல் முடங்கியது. பின்னாளில், பராமரிக்க ஆளில்லாத செட்டிநாட்டு மாளிகைகள் பல இடிபட்டன. அவற்றின் பர்மாத் தேக்குத் தூண்களும் செதுக்குக் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து பெருநகர வீடுகளுக்குப் போயின. டெபோரா தியாகராஜன் முயற்சியால் 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடே பெயர்த்து நிறுத்தப்பட்டது. அந்தப் பேறு பெற்ற வீடுகள் மிகச் சில.

இடிக்கத் தகுந்த மாளிகைகளுக்கு எண்ணிக்கை உண்டு, வாங்குவோருக்கு இல்லை. போதாக்குறைக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த சிற்பங்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை அது தடுத்தது. அந்த இடைவெளியில் புதுச் சிற்பத்துக்கு வழி பிறந்தது. கருஞ்சாயம் ஏற்றி, முனைகளை மழுக்கி, பழைய தோற்றம் கொடுத்த சிலைகள் சந்தைக்கு வந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழையதுபோல் தோன்றும் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப, அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வேண்டியிருக்கும். பழையது என்று மயங்க வைப்பது பட்டறையின் திறமை; புதியது என்று நிரூபிப்பது ஏற்றுமதியாளரின் பாடு.

பச்சைமலையை ஒட்டிய பெரம்பலூர் மாவட்ட அரும்பாவூரிலும் இதே மரபு உண்டு. அவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கணினி இயக்கும் செதுக்கு இயந்திரங்கள் தட்டையான கதவுப் பலகைகளை விரைவாகவும் மலிவாகவும் முடித்துவிடுகின்றன. கைக்குப் பின்னால் குடைவு, விரல்களுக்கிடையே இடைவெளி, யாளியின் வாய்க்குள் உருளும் பந்து போன்ற முழு உருவ வேலைகளுக்கு இன்னும் உளிதான் வேண்டும்.