ஆவாரையும் கடுக்காயும்: பழைய தோற்பை சொல்லும் வரலாறு

நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்குச் செல்வோர் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்து காரவள்ளியை அடைவர். மலையின் அடிவாரம் இது. இங்கிருந்துதான் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட பாதை மேலே ஏறுகிறது. வளைவுகளை எண்ணிக்கொண்டே செல்லும் பயணிகள், இந்நிலத்தின் செடி கொடிகளைக் கவனிப்பது குறைவு. அவற்றுள் இரண்டு, உலகத் தோல் வாணிகத்தின் வரலாற்றில் இடம்பெற்றவை. ஒன்று, அடிவாரத்து வறண்ட நிலங்களில் மஞ்சள் பூக்களுடன் நிற்கும் ஆவாரை. மற்றொன்று, மலைக்காடுகளில் வளரும் கடுக்காய் மரம்.

இவ்விரண்டுக்கும், உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தோற்பைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு மிக நெருக்கமானது. அதை அறியாமல் பழைய பையைப் புதுப்பிக்க முனைவோர், பல வேளைகளில் அதைக் கெடுத்துவிடுகின்றனர். பாட்டியின் கைப்பையானாலும், பழைய சாமான் கடையில் விலை பேசி வாங்கிய பையானாலும், அதன் பிறப்பை அறிந்த பிறகே மருத்துவத்தைத் தொடங்க வேண்டும்.

தோல் ஏன் அழுகுவதில்லை?

உரித்த பச்சைத் தோலை அப்படியே விட்டால் ஓரிரு நாளில் நாறத் தொடங்கும். காயவைத்தால் கட்டைபோல் விறைக்கும். நனைத்தால் மீண்டும் அழுகும். ஆனால் பதனிட்ட தோல் அழுகுவதில்லை, வளைந்தும் கொடுக்கிறது. இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது?

தோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதத்தால் ஆனது. மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிற்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொல்லாஜன் மூலக்கூறு ஏறத்தாழ அத்தகையது. பச்சைத் தோலில் நுண்ணுயிர்கள் இக்கயிற்றை எளிதில் அறுத்து உண்கின்றன. மரப்பட்டை, காய் ஆகியவற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், கயிறுகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிணைத்துவிடுகிறது. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிப்பதை உணர்ந்திருப்பீர்கள். எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். தோல் பதனிடும் குழியில் நடப்பதும் இதே வேலைதான்.

பிணைப்பின் வலிமையை வெப்பத்தால் அளக்கலாம். ஈரமான பச்சைத் தோல் சுமார் 60 முதல் 65 பாகை செல்சியசில் சுருங்கிவிடும். தாவர டானினால் பதனிட்ட தோல் 70 முதல் 85 பாகை வரை தாங்கும். குரோமிய உப்பினால் பதனிட்டது 100 பாகையையும் தாங்கக்கூடும். இந்த எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

குழிக்குள் ஒரு வேதியியல்

தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் பழைய முறை இது. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரை நீக்குவர். உட்புறத்துக் கொழுப்பையும் சதையையும் கத்தியால் வழிப்பர். பிறகு, ஆவாரம் பட்டையை இடித்துப் போட்ட குழிகளில், நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் மாற்றி மாற்றி ஊறவைப்பர். ஆவாரம் பட்டையில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு டானின் உண்டு. அது விரைவாக ஊடுருவி, தோலுக்கு வெளிறிய மஞ்சள் நிறத்தையும் மென்மையையும் தரும்.

இறுதியில் கடுக்காய்ச் சாறு வரும். ஆவாரம் பட்டையால் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடுக்காய்ச் சாற்றில் தோய்த்தால் அந்தச் சிவப்பு தள்ளிப்போகும். கடுக்காயிலிருந்து பிரியும் எல்லாஜிக் அமிலம் வெளிர்மஞ்சள் படிவாகத் தோலில் தங்கி, நிறத்தைத் தெளிவாக்கும். கடைசியாக, தோல் ஈரமாக இருக்கும்போதே புங்க எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றைத் தடவி நிழலில் உலர்த்துவர். நீர் வெளியேற வெளியேற எண்ணெய் உள்ளே செல்லும்.

இந்த அறிவை உருவாக்கியவர்கள், ஊரின் எல்லைக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தொழிலாளர்கள். அவர்கள் பெயரை எந்த வேதியியல் நூலும் எழுதி வைக்கவில்லை. ஆயினும், எந்தப் பொருளை எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும் என்பதைக் கையாலும் கண்ணாலும் கண்டறிந்தவர்கள் அவர்களே.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக இலண்டனுக்குச் சென்றது. 'கிழக்கிந்தியத் தோல்' என்பது அதன் வாணிகப் பெயர். இங்கே பதனிடுவதோடு வேலை முடியும். சாயம் ஏற்றுவதும் மெருகிடுவதும் அங்கே நடக்கும். ஆட்டுத் தோலும் செம்மறித் தோலும் அங்கே 'பெர்சியன்' என்ற பெயரிலும் விற்கப்பட்டன. பைகளும் காலணிகளும் புத்தக அட்டைகளும் அவற்றிலிருந்து உருவாயின.

இலண்டனில் ஒரு விசாரணை

நூற்றாண்டு முடியும் தறுவாயில், இங்கிலாந்தின் நூலகங்களில் ஒரு கவலை எழுந்தது. பழங்காலத்துத் தோல் அட்டைகள் உறுதியாக இருக்க, அண்மையில் கட்டிய நூல்களின் அட்டைகள் சிவந்து, பொடிந்து உதிர்ந்தன. அவற்றைத் தொட்டவர் கையில் செங்கல் தூள் போன்ற பொடி ஒட்டியது. இந்நோய்க்குச் 'செம்பொடிவு' என்று நாம் பெயரிடலாம்.

1900-ஆம் ஆண்டில் இலண்டன் கலைக் கழகம் இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தது. குழு 1901-இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. 1905-இல் ஆய்வு முழுமையும் நூலாக வந்தது. கிழக்கிந்தியத் தோல் பல பயன்களுக்கு ஏற்றதே எனினும், நூல் கட்டுவதற்கு மிக மோசமானது என்று குழு கூறியது. ஓராண்டுக்குள்ளேயே சிதைவு தோன்றுகிறது என்றும், வெளிச்சம் படும் அலமாரியில் அது ஐந்தாறு ஆண்டுக்கு மேல் தாங்காது என்றும் எழுதியது. ஆவாரம் பட்டை, வடநாட்டுப் பெயரான 'துர்வார்' என்ற பெயரால், குற்றவாளிகளின் வரிசையில் நின்றது.

தீர்ப்பு முற்றிலும் நியாயமானதுதானா? அறிவியல் தரும் விடையைப் பாருங்கள்.

டானின்களில் இரு பெரும் வகைகள் உண்டு. ஆவாரை, கருவேலம், சீகை இனத்து வாட்டில் மரம் ஆகியவற்றின் பட்டைகளில் இருப்பவை ஒரு வகை. இவை காற்றும் ஒளியும் பட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து செந்நிறப் பொருள்களாக மாறும். கடுக்காயிலும், ஐரோப்பியர் போற்றிய சுமாக் இலையிலும் இருப்பவை மற்றொரு வகை. இவை நீரால் சிறு கூறுகளாகப் பிளவுபடக்கூடியவை. ஆனால் எளிதில் சிவப்பதில்லை. இவ்வகைச் சாறுகளில் டானினோடு சேர்ந்து வரும் உப்புகள், வெளியிலிருந்து வரும் அமிலத்தின் வேகத்தைத் தணிக்கவும் செய்கின்றன.

அமிலம் எங்கிருந்து வந்தது? இலண்டன் மாநகரின் நிலக்கரிப் புகையிலும், நூலகங்களை ஒளியூட்டிய வாயு விளக்குகளிலும் கந்தக டை ஆக்சைடு இருந்தது. தோல் அதனை உறிஞ்சும். உள்ளே அது கந்தக அமிலமாகி, கொல்லாஜன் கயிற்றைத் துண்டு துண்டாக அறுக்கும். இரும்பின் துருவைப் போலவே இதுவும் மெல்ல நிகழும் வேதிவினை. முதல் வகை டானின் உள்ள தோல் இத்தாக்குதலுக்கு விரைவில் ஆளாகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. அதையும் அதே குழுவே கண்டறிந்தது. சாயப் பட்டறைகளில் நிறம் பளிச்சென்று ஏறுவதற்காகத் தோலைக் கந்தக அமிலத்தில் தோய்த்தனர். அந்த அமிலம் தோலிலேயே தங்கிவிட்டது. ஆகவே நம் ஆவாரை மட்டும் குற்றவாளியன்று. அமிலம் ஊற்றிய பட்டறையும், புகை கக்கிய நகரமும் கூட்டாளிகள். கொதிக்கும் அமிலச் சூழலில் ஆவாரைக்குத் துணை நிற்கக் கடுக்காய் இருந்தது. ஆனால் மேலோட்டமாக ஒரு முறை தோய்த்த கடுக்காய்ச் சாறு அப்போருக்குப் போதவில்லை.

இதே தோல்தான் முதல் உலகப் போரில் படைவீரர்களின் காலணிகளுக்கு மேல்தோலாகிப் பெரும்பணி ஆற்றியது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பொருளின் தரம், அதை எங்கே, எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதையும் பொறுத்தது.

குரோமியத்தின் வருகை

இதற்கிடையே அமெரிக்காவில் குரோமிய உப்புகளால் பதனிடும் முறை வளர்ந்தது. 1884-இல் அகஸ்டஸ் சூல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். வாரக் கணக்கில் நடந்த வேலை சில நாளில் முடிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில், சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் இம்முறையைச் சோதித்துக் காட்டினார். 1912-இல் பல்லாவரம் அருகே எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையின் பெயராலேயே குரோம்பேட்டை இன்றும் வழங்குகிறது.

ஆவாரம் பட்டைக்குப் போட்டியாகத் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் இறக்குமதியாகி, பல குழிகளில் அதன் இடத்தைப் பிடித்தது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1970-களில் மத்திய அரசு பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. அதன் பின், முழுமையாக முடித்த தோலும் பைகளும் காலணிகளும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, சென்னை ஆகிய இடங்களிலிருந்து மிகுதியாக வெளிச்சென்றன.

ஆகவே உங்கள் கையில் உள்ள பழைய பை மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: தாவரத் தோல், குரோம் தோல், அல்லது தோலே அல்லாத போலி.

முதலில் நோயறிதல்

பையின் உட்புறத் தையலோரத்தில், வெட்டுப்பட்ட விளிம்பைப் பாருங்கள். உட்பகுதி முழுதும் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் தாவரத் தோல். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம் தோல். துணி இழைகள் தெரிந்தால் போலி. தாவரத் தோலில் பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டால் விரைவில் உறிஞ்சப்பட்டுக் கறுக்கும். வெளியே தெரியாத மூலையில்தான் இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

மேற்பரப்பு செதில் செதிலாக உரிகிறதா? அது பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பூச்சு. நம் நாட்டு ஈரக்காற்றில் அது தானே சிதையும். எந்தக் களிம்பும் அதை மீட்காது. அத்தகைய பையை விலை கொடுத்து வாங்காதீர்கள்.

கையில் சிவப்புப் பொடி ஒட்டுகிறதா? அதுதான் இலண்டன் நூலகங்களைத் தாக்கிய செம்பொடிவு. அறுந்த கொல்லாஜனை ஒட்டவைக்க வழியில்லை. இப்பையை நனைக்கவே கூடாது. நனைத்தால் கறுத்து விறைக்கும். அருங்காட்சியகங்களில், ஹைட்ராக்சி புரோப்பில் செல்லுலோஸ் என்னும் பொருளைச் சாராயத்தில் கரைத்து மெல்லத் தடவிப் பொடியைக் கட்டுப்படுத்துகின்றனர். வீட்டில் செய்யக்கூடியது, பருத்தித் துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைப்பதே. கடுக்காய் நல்லதுதானே என்று கஷாயம் காய்ச்சிப் பூசிவிடாதீர்கள். அது காக்க வேண்டிய நேரம் குழியிலேயே முடிந்துவிட்டது.

பிறகு மருத்துவம்

நலமான பையாயின் முதலில் மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டுங்கள். மழைக்காலத்துப் பூசணம் இருந்தால், மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் துடைத்தெடுங்கள். பிழிந்த ஈரத் துணியால் ஒரு முறை துடைக்கலாம். சலவைச் சோப்பும் சோடாவும் வேண்டா. தோல் சிறிது அமிலத் தன்மை உடையது. காரம் பட்டால் டானின் கரைந்து நிறம் கெடும்.

துருப்பிடித்த கொக்கியைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தால் வியப்படையாதீர்கள். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினர். டானினும் இரும்பும் சேர்ந்தால் அதே மைதான் பையிலும் உண்டாகிறது. எலுமிச்சைச் சாற்றால் தேய்த்தால் கறை வெளுக்கும். ஆனால் அமிலம் தோலில் தங்கும். கறையை விட்டுவிட்டுக் கொக்கியை மாற்றுவதே அறிவுடைமை.

நனைந்த பையை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். முன்னே சொன்ன எண்களை எண்ணிப் பாருங்கள். தாவரத் தோல் ஈரத்தோடு இருக்கையில், வெப்பத்தில் சுருங்கினால் மீளாது. நெடுங்காலம் சிதைந்த தோல் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே சுருங்கும். உள்ளே வெள்ளைத் தாளைத் திணித்து, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். செய்தித்தாள் மை உள்துணியில் ஒட்டும்.

தேங்காயெண்ணெய் தடவும் வழக்கத்தைக் கைவிடுங்கள். தோல் தொழிலாளி எண்ணெய் தடவியது ஈரத் தோலுக்கு. உலர்ந்த பழந்தோலில் எண்ணெய் மேலாகத் தேங்கி, தூசைப் பிடித்து, சிக்கு நாற்றம் அடிக்கும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களும் ஒரு காலத்தில் கம்பளிக் கொழுப்பும் எண்ணெயும் தாராளமாகப் பூசி, பின்னர் அவ்வழக்கத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டன. நிறமற்ற தோல் களிம்பை மிகச் சிறிதளவு எடுத்து, மூலையில் சோதித்த பின், மென்துணியால் தேயுங்கள், அதுவே போதும். பிரிந்த தையலை, மெழுகிட்ட நூலால், பழைய துளைகளின் வழியாகவே தைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைக்காதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பழைய பையைக் காக்க வேண்டுமா? ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க, ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது. அந்நீர் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறியபோது என்ன நேர்ந்தது என்பதைப் பாலாற்றங்கரை மக்கள் அறிவர். 1996-இல் உச்சநீதிமன்றம் வேலூர் மக்கள் நல அமைப்பின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் அளவுக்கு நிலமும் கிணறும் கெட்டிருந்தன. ஒரு பை இன்னும் பத்தாண்டு உழைத்தால், அந்தப் பத்தாண்டுக்கு மற்றொரு தோலைக் குழியில் இறக்க வேண்டியதில்லை.

எனவே, அடுத்த முறை பழைய தோற்பை ஒன்று கைக்கு வந்தால், எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி ஓடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, முதலில் அதன் விளிம்பைப் பாருங்கள்.