வீட்டு ரவுட்டர் எத்தனை காலம் உழைக்கும்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டின் ஒரு மூலையில் கவனிப்பாரற்றுக் கிடந்த ரவுட்டர் என்னும் சிறு பெட்டி பல பிள்ளைகளுக்கு வகுப்பறையின் வாசலாக மாறியது. இன்று பரீட்சைப் பெறுபேறு தொடக்கம் மத்திய கிழக்கில் உழைக்கும் தாயின் அழைப்பு வரை அதன் வழியாகவே பல வீடுகளை வந்தடைகின்றன. அது செயலிழந்தால் உடனே சேவை வழங்கும் நிறுவனத்தின் மீது குறைகூறுகின்றோம். ஆயினும் பழுது பல வேளைகளில் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது ரவுட்டரை அன்று. அதற்கு மின்சாரம் வழங்கும் அடப்டரையே. அதனுள் இருக்கும் சிறு கொள்ளளவிகளின் திரவம் வெப்பத்தினால் மெல்ல மெல்ல உலர்ந்து போகின்றது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் குறையும் ஒவ்வொரு தடவையும் இவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. 105 பாகையில் 2,000 மணித்தியாலங்கள் உழைக்கக்கூடிய கொள்ளளவி, 75 பாகையில் 16,000 மணித்தியாலங்கள் உழைக்கும். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் இரவு பகலாக இயங்கும் சாதனத்துக்கு அது இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. 65 பாகையிலோ மூன்றரை ஆண்டுகளைத் தாண்டும். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் தூசிக்குள் வைப்பதா, காற்றோட்டமான தட்டில் வைப்பதா என்பது வீட்டு அலங்காரம் பற்றிய வினா அன்று.

நலிந்த அடப்டர் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. ரவுட்டரின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். ஆனால் அது அடிக்கடி தானாக அணைந்து மீண்டும் இயங்கத் தொடங்கும். இந்நிலையில் பலர் புதிய ரவுட்டரையே வாங்கிவிடுகின்றனர். அதே வோல்ட் அளவும், அதே நேர், எதிர் முனை ஒழுங்கும், குறையாத அம்பியர் அளவும் கொண்ட வேறோர் அடப்டரைப் பொருத்திப் பார்ப்பது அதைவிட மலிவான பரிசோதனையாகும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வரும் இடைப்பருவப் பெயர்ச்சிக் கால இடிமின்னல் இன்னொரு பகை. செப்புத் தொலைபேசிக் கம்பி உள்ள வீடுகளில் மின்னழுத்தப் பாய்ச்சல் மின் இணைப்பு, தொலைபேசிக் கம்பி ஆகிய இரு வழிகளாலும் நுழையலாம். ஆகவே வானம் இருண்டதும் இரண்டையுமே கழற்றிவிட வேண்டும். ஒளியிழை மின்னலைக் கடத்தாது என்றாலும் அடப்டருக்கான ஆபத்து அங்கும் நீங்குவதில்லை. வீட்டில் ‘ட்ரிப் சுவிட்ச்’ இருப்பதால் அச்சமில்லை என்று எண்ணுவோர் பலர். அது மின்கசிவிலிருந்து மனிதரைக் காப்பதற்கானதேயன்றி மின்னலிலிருந்து சாதனத்தைக் காப்பதற்கானது அன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீடித்த மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென வாங்கப்பட்ட சிறிய யூ.பி.எஸ்.களின் மின்கலங்களும் காலத்தோடு வலுவிழப்பவையே.

வன்பொருள் நலமாக இருந்தும் சாதனம் வீழ்ந்துவிடலாம். 2016 நவம்பரில், தீங்கிழைக்கும் மென்பொருள் ஒன்று ரவுட்டர்களைக் கைப்பற்ற முயன்றபோது ஜேர்மனியில் ஏறத்தாழ 900,000 வாடிக்கையாளர்களின் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. இத்தகைய ஓட்டைகளை அடைக்கும் மென்பொருள் திருத்தங்களைத் தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்கு வழங்குவார்? உத்தரவாதச் சீட்டில் இதற்கு விடை இருப்பது அரிது. ஓர் ஆண்டு உத்தரவாதம் என்பது பெட்டிக்குரியது, உள்ளிருக்கும் மென்பொருளுக்குரியதன்று.

பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும் குறைந்தபட்சக் காலத்தை வெளிப்படையாக அறிவிக்குமாறு தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்துகின்றது. ஊகிக்க எளிதான பொதுக் கடவுச்சொற்களையும் அது தடைசெய்துள்ளது. தொலைத்தொடர்புச் சாதனங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் எமது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, அக்காலத்தை மூன்று மொழிகளிலும் பெட்டியின் மேல் அச்சிடுவதை அந்த அங்கீகாரத்தின் ஒரு நிபந்தனையாக்க வேண்டும்.