அரிவாள் – ஆவாரங்குச்சி முதல் லாரி பட்டை வரை

அரிவாள் என்று சொன்னதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? வகுப்பில் சும்மா கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் சினிமாப் பெயர் சொன்னார்கள். 2005 பொங்கலுக்கு வந்த 'திருப்பாச்சி' இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. ஒருவன் மட்டும் 'கரும்பு' என்றான். அவன் வீட்டில் கரும்பு போட்டிருக்கிறார்கள்.

இந்தப் பதிவு அந்த ஒருவனுக்காக.

அரி + வாள். அரிவதற்கான வாள், அவ்வளவுதான். பேச்சில் அருவா. மடக்குகிற கத்தி அல்ல. அலகும் காம்பும் ஒரே இரும்பு, காம்பு மரப்பிடிக்குள் இறங்கி இருக்கும், பிடி பிளக்காமல் இருக்க ஒரு பூண். காட்டு வேலைக்கு இதைவிட எளிமையான கருவி கிடையாது. ஆனால் ஒரே அரிவாள் எல்லா வேலைக்கும் ஆகாது. நெல் அறுக்கப் பல் வைத்த கருக்கரிவாள். பனை ஏறுகிறவருக்குப் பாளை அரிவாள். விறகுக்கும் முள்ளுக்கும் வெட்டரிவாள். ஆட்டுக்குத் தழை ஒடிக்க நீளக் கழியில் கட்டிய தொரட்டி. எங்கள் விருத்தாசலம் பக்கம் முந்திரியும் கரும்பும் நிறைய. கவாத்துக்கு ஒன்று, கரும்பு வெட்ட ஒன்று என்று ஒரே வீட்டுத் தாழ்வாரத்தில் நாலு விதம் செருகி இருக்கும்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதற்குள்ளே இருக்கிற இரும்பின் கதை. அதில் பெரும்பகுதி நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது!

எங்கள் ஊர் மணிமுத்தாறு கல்வராயன் மலையில் பிறக்கிறது. அந்த மலைக்குக் கிழக்கே, சங்கராபுரம் வட்டத்தில் மேல்சிறுவள்ளூர் என்று ஒரு கிராமம். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்கே பழைய உலைக்கழிவு மேட்டில் உடைந்த மண் மூசைகள் கிடப்பதை ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் கண்டுபிடித்து 1994-ல் எழுதினார். மூசைச் சில்லில் ஒட்டி இருந்த உலோகத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தபோது அது வெறும் இரும்பு இல்லை, கரிச்சத்து மிகுந்த எஃகு. உலகம் 'வூட்ஸ்' என்று பேர் சொல்லிக் கொண்டாடுகிற எஃகு இந்த முறையில் செய்ததுதான். தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு. அந்தச் சொல்தான் வெள்ளைக்காரன் காதில் விழுந்து இப்படி ஆனது என்கிறார்கள்.

எப்படிச் செய்தார்கள்? சேலம் பக்கம் நடந்ததை 19-ம் நூற்றாண்டில் நேரில் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இரும்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மூசையில் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே ஒன்றிரண்டு எருக்க இலை. வாயைக் களிமண்ணால் இறுக அடைத்து, இருபது இருபத்து நாலு மூசைகளை உலையில் அடுக்கி, துருத்தியை இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். ஆற விட்டு மூசையை உடைத்தால் உள்ளே ஒரு சின்ன எஃகுக் கட்டி.

ஆவாரையும் எருக்கும் ஏதோ மந்திரம் இல்லை. காற்றுப் புகாத மூசைக்குள் குச்சி கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறுகிறது. சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். கரி ஏற ஏற உருகுநிலை இறங்கி, சுமார் 1400 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கிறது. துருத்தியால் எட்ட முடிந்த சூடு அது.

இங்கே பீங்கான் படிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் எஃகைப் பாராட்டுகிறார்கள், மூசையை யாரும் பாராட்டுவதில்லை. அந்தச் சூட்டில் சாதாரணக் களிமண் பானை இளகிச் சரிந்துவிடும். அவர்கள் களிமண்ணில் உமியைக் கலந்து பிசைந்தார்கள். உமியில் சிலிக்கா அதிகம். புகை மூட்டத்தில் வேகும்போது அதன் கரியும் சிலிக்காவும் மூசைச் சுவருக்குள்ளேயே எலும்புக்கூடு மாதிரி நின்று தாங்குகிறது. களத்து மேட்டில் சும்மா கிடைத்த உமி! எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

அப்படியானால் அந்தக் காலத்துக் குடியானவன் வூட்ஸ் அரிவாளால் முள் வெட்டினானா? அப்படி நினைத்துவிட வேண்டாம். இணையத்தில் சிலர் அடித்து விடுவது போல எல்லாம் இல்லை. மூசை எஃகு விலை கூடியது. வாளுக்கும் கல் தச்சரின் உளிக்கும்தான் முக்கியமாகப் போனது. ஊர்க் கொல்லர் அரிவாளை மெத்து இரும்பில் அடித்து, வாய்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் உருக்கு வைத்துப் பற்ற வைப்பார். முதுகு மெத்து, வாய் கடினம். ஓங்கி வெட்டினாலும் முறியாது, கூரும் சீக்கிரம் போகாது. கருமானுக்குக் கூலி பணமாக அல்ல, அறுப்புக் காலத்தில் களத்திலேயே நெல்லாக அளந்தார்கள். வருஷம் முழுக்க அரிவாளும் கொழுவும் தட்டிக் கொடுப்பது அவர் பொறுப்பு.

1794-ல் இந்த எஃகுக் கட்டிகள் சில லண்டன் போய்ச் சேர்ந்தன. மறு வருஷமே ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்கிறவர் சவரக் கத்தியும் அறுவை சிகிச்சைக் கத்தியும் இதில் செய்து, ஐரோப்பாவின் நல்ல எஃகைவிட இது மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்து வைத்திருந்தார். அவரோடு சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்கு வருமுன் அவர் கை வைத்தது நம் ஊர் இரும்பில்!

இத்தனை பெருமையும் அதைக் காப்பாற்றவில்லை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற மதராஸ் சிவில் அதிகாரி வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். அதுவும் தென்னாற்காடுதான். எங்கள் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து கடலுக்குப் போகிற இடம். சேலத்துத் தாது ஆற்று வழியே பரிசலில் வந்தது. உலைக்கு மரக்கரி. சுற்று வட்டாரக் காடு தீரத் தீரக் கரி தூரத்தில் இருந்து வர வேண்டியதாயிற்று, செலவு ஏறியது. ஆலை பல கை மாறியும் லாபம் பார்க்காமல் 19-ம் நூற்றாண்டுக்குள்ளேயே மூடப்பட்டது. ஹீத் இங்கிலாந்து போய் 1839-ல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த முறையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பணம் தராமல் வழக்காடினார்கள். பாவம் மனுஷன்.

பிறகு ரயிலில் மலிவான சீமை இரும்பு வந்தது. 1882 மதராஸ் வனச் சட்டம் வந்தபின் காட்டில் கரி சுடுவதும் முன்போல முடியவில்லை. தாதை உருக்குகிறவர் தொழில் அழிந்தது. ஆனால் அரிவாள் அடிக்கிறவர் தொழில் அழியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் 'அழிந்துபோன கலை' என்று புலம்புகிறோம். உருக்குகிறவர் வேறு, அடிக்கிறவர் வேறு. அடிக்கிறவர் கிடைத்த இரும்பை எடுத்துக்கொண்டார்.

இன்று கிடைப்பது லாரி பட்டை. தேய்ந்த லாரியின் ஸ்பிரிங் பட்டையைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கி வெட்டி அடிக்கிறார்கள். இதைக் கேவலமாக நினைக்கக் கூடாது. அதில் கரி சுமார் 0.6 சதவீதம், கூடவே சிலிக்கன், மாங்கனீஸ் அல்லது குரோமியம். வூட்ஸில் 1.5 சதவீதம் வரை கரி இருந்தது. கடினம்தான், ஆனால் சூடு மிஞ்சினால் சுத்தியலுக்கு அடியிலேயே நொறுங்கிவிடும். ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் தோற்றது இதில்தான். முள்ளும் கணுவும் வெட்டுகிற அரிவாளுக்கு லாரி பட்டைதான் பொருத்தம் என்பது என் கட்சி.

வித்தை தோய்ச்சலில் இருக்கிறது. அடித்து வடிவம் வந்ததும் வாயை மட்டும் செவக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார். அப்போது வாய் கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும், அப்படியே விட்டால் பல் பல்லாகத் தெறிக்கும். அதனால் ஒரு பக்கம் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகில் மிச்சம் இருக்கிற சூடு மெல்ல வாய்க்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வெள்ளை, வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடி வரும். வேலைக்குத் தக்க நிறம் வந்ததும் மறுபடி தண்ணீர். சில விநாடி பிந்தினால் வாய் மெத்து, முந்தினால் உடையும். வெப்பமானி இல்லை, கண்தான். கடையில் விற்கிற தகட்டு அரிவாளுக்கும் இதற்கும் வித்தியாசம் இந்தச் சில விநாடிதான்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி இதனால் பேர் வாங்கிய ஊர். விவசாயிக்கும் அடிப்பார்கள், கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக ஆள் உயர அரிவாளும் அடிப்பார்கள். சினிமா எடுத்துக்கொண்டது வீச்சரிவாளை மட்டும்.

சட்டம் இதில் சினிமாவைவிடத் தெளிவு. 1959 ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்கு உரிமம் கேட்கின்றன. ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் வராது. குடகில் கதை வேறு. அங்கே கொடவர்களின் மரபுக் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பிரிட்டிஷ் காலத்தில் இருந்தே தனி விலக்கு. நம் அரிவாளுக்கு அப்படி ஜாதிப் பெருமையோ அரச சலுகையோ தேவைப்படவில்லை, 'வேலைக் கருவி' என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது.

2021 செப்டம்பரில் தொடர் கொலைகளுக்குப் பிறகு தமிழகக் காவல்துறை பெரிய தேடுதல் நடத்தியது. அப்போது அரிவாள், கத்தி செய்யும் பட்டறைக்காரர்களை அழைத்து, வாங்குகிறவர் பெயர், முகவரி, என்ன வேலைக்கு என்று எழுதி வையுங்கள், கேமரா வையுங்கள் என்று சொன்னார்கள். கொலை நடக்கும்போது போலீஸ் சும்மா இருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடைமுறையை யோசித்துப் பாருங்கள். புளியமரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, புருஷன் குறடு பிடிக்க மனைவி சம்மட்டி அடிக்கிற குடும்பம் கேமரா எங்கே மாட்டும்? ஆன்லைனில் பெட்டியில் வருகிற 'கேம்பிங்' கத்தியை வாங்குகிறவனிடம் என்ன வேலைக்கு என்று யார் கேட்கிறார்கள்?

நெல்லை இயந்திரம் அறுக்கிறது, கருக்கரிவாள் வியாபாரம் படுத்துவிட்டது. கரும்பை இன்னும் பெரும்பாலும் ஆள்தான் வெட்டுகிறார். முந்திரிக்குக் கவாத்தும் கையால்தான். ஒரு முறை பட்டறையில் நின்று பாருங்கள். வாங்க வருகிறவர் அரிவாளைச் சுழற்றிப் பார்ப்பதில்லை. கட்டை விரல் நகத்தில் வாயை மெல்ல வைத்து இழுத்துப் பார்க்கிறார், பிறகு நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்கிறார். திருப்தி இல்லை என்றால் 'இன்னொரு தரம் காய்ச்சிக் குடுங்க' என்று திருப்பி நீட்டுகிறார்.